ஆயாவின் மாத்திரை அட்டையும் மானிப்பாய் டாக்டரும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படிக்கிறவன். எங்கள் வகுப்பில் 'டி.ஆர்.' என்று எழுதினால் டெபிட், டாக்டர் இல்லை :-) மருந்தைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. ஆனாலும் கடந்த மூன்று மாதமாக மருந்துப் பெயர்களையும் அவற்றின் வரலாற்றையும்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் எங்கள் ஆயா.

ஆயாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. சின்னசேலத்திலேயே ஒருவரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டு வந்தது. அவர் ஊரில் இல்லாத ஒரு வாரம், கால் எரிச்சல் என்று கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய் வேறொருவரிடம் காட்டினோம். அவரும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பழைய சீட்டை நாங்கள் எடுத்துப் போகவில்லை. மருந்து வாங்கியவன் நான். பழைய அட்டை பச்சை நிறம், புதியது ஆரஞ்சு. மேலே போட்டிருந்த பெயரும் வேறு. அது ஒரு மருந்து, இது ஒரு மருந்து என்று நினைத்து, "ரெண்டையும் காலையில சோத்துக்கு முன்ன போட்டுக்க ஆயா" என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டேன்.

நாலாம் நாள் காலை ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தது. வேர்த்துக் கொட்டுகிறது. கை நடுங்குகிறது. என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அம்மா ஓடிவந்து சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த நர்ஸ் அக்கா ரெண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டும் ஒரே மருந்துதானே தம்பி? யாரு ரெண்டையும் கொடுக்கச் சொன்னது?"

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது?

ரெண்டு அட்டையிலும் கிளிமெபிரைடு, மெட்பார்மின் என்ற அதே ரெண்டு மருந்துகள்தான் இருந்தன. கம்பெனி வேறு, கம்பெனி வைத்த பெயர் வேறு, அவ்வளவுதான். இதில் கிளிமெபிரைடு உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைத்துச் சர்க்கரையை இறக்குகிற மருந்து. அதை ரெண்டு பங்கு போட்டால் சர்க்கரை இறங்க வேண்டிய அளவுக்கும் கீழே போய்விடும். வயதானவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. ஆயா பிழைத்துக்கொண்டது. சாயந்திரம் கட்டிலில் படுத்தபடியே என்னிடம் கேட்டது: "ஏன் சாமி, நீ காலேஜுல படிக்கிற. அதுல என்னா எழுதியிருக்குன்னு உனக்குமா தெரியல?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

சீட்டில் இருப்பது என்ன மொழி?

முதலில் சீட்டை எடுத்துக்கொண்டேன். டாக்டரின் கையெழுத்து ஒருபக்கம் இருக்கட்டும். எழுத்து புரிந்தாலும் அர்த்தம் புரியாத குறிகள் அதில் நிறைய. அவை ஆங்கிலம் என்று நினைத்திருந்தேன். இல்லை, பெரும்பாலும் லத்தீன்!

'ஓ.டி.' என்றால் தினம் ஒருமுறை. 'பி.டி.' என்பது 'பிஸ் டியே', தினம் இருமுறை. 'டி.டி.எஸ்.' என்பது 'டெர் டியே சுமெண்டும்', தினம் மூன்றுமுறை எடுத்துக்கொள்ள வேண்டியது. 'ஏ.சி.' என்றால் குளிர்சாதனம் இல்லை, 'ஆன்டே சிபும்', அதாவது சாப்பாட்டுக்கு முன். 'பி.சி.' என்றால் சாப்பாட்டுக்குப் பின். 'எச்.எஸ்.' என்பது 'ஹோரா சோம்னி', தூங்கப் போகும் நேரம். 'எஸ்.ஓ.எஸ்.' என்று பார்த்ததும் கப்பல் மூழ்குகிறதோ என்று பயப்பட வேண்டாம். 'சி ஓபுஸ் சிட்', தேவைப்பட்டால் மட்டும். 'ஸ்டாட்' என்றால் உடனே. சீட்டின் தலையில் ஆர் எழுத்துக்குக் காலில் குறுக்குக்கோடு போட்ட குறி 'ரெசிபே', 'எடுத்துக்கொள்' என்ற கட்டளை. சமையல் குறிப்புக்குச் சொல்கிறோமே ரெசிபி, அதே சொல்தான்.

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் படித்தவர்களின் பொதுமொழி லத்தீன். எந்த நாட்டு டாக்டர் எழுதினாலும் எந்த நாட்டு மருந்துக்கடைக்காரரும் படிக்க முடிந்தது. அந்த வசதி நியாயமானதுதான். ஆனால் அந்த ஏற்பாட்டில் டாக்டர் இருக்கிறார், மருந்து கலக்குகிறவர் இருக்கிறார். மருந்தை விழுங்கப்போகிறவர் இல்லை.

இதே குறிகள் விவரம் தெரிந்தவர்களையும் ஏமாற்றும். 'ஓ.டி.' என்றால் கண் மருத்துவத்தில் வலது கண். 'எச்.எஸ்.' என்பதைச் சிலர் பாதி வீரியம் என்று படித்துவிடுவார்கள். இன்சுலின் பத்து யூனிட் என்பதற்கு 10 போட்டுப் பக்கத்தில் யூனிட்டுக்கான ஆங்கில எழுத்தை அவசரமாகக் கிறுக்கினால், அது பூஜ்யம் மாதிரித் தெரிந்து 100 ஆகிவிடும். அரை மில்லிகிராம் என்பதற்கு முன்னால் பூஜ்யம் போடாமல் வெறும் புள்ளி வைத்து 5 எழுதினால், புள்ளி மங்கிப்போனால் அது பத்து மடங்கு. கணக்குப் பதிவேட்டில் ஒரு பூஜ்யம் கூடினால் ஐந்தொகை பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். உடம்பில் கூடினால் ஆயா திண்ணையில் நடுங்கும்போதுதான் தெரியும்.

நம்மூரில் 1-0-1 என்று எழுதும் பழக்கம் வந்தது பெரிய உதவி. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒருமுறை சொன்னால் புரிந்துவிடும்.

ஒரு மருந்துக்கு எத்தனை பெயர்?

சீட்டைவிட நான் தடுக்கி விழுந்த இடம் அட்டை. ஒரு மருந்துக்கு மூன்று வகைப் பெயர் உண்டு. முதலாவது வேதியியல் பெயர். நீளமானது, நமக்கு வேண்டாம். இரண்டாவது பொதுப்பெயர். மூன்றாவது கம்பெனி வைக்கும் வணிகப் பெயர். வணிகப் பெயரைப் பற்றித்தான் எங்களுக்கு மார்க்கெட்டிங் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். பொதுப்பெயரைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை.

உலகம் முழுவதும் ஒரு மருந்துக்கு ஒரே பொதுப்பெயர் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1950-ல் முடிவெடுத்தது. 1953-ல் முதல் பட்டியல் வந்தது. இந்தப் பெயர்களில் ஒரு அழகு இருக்கிறது. வால் பகுதியைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம். 'சில்லின்' என்று முடிந்தால் பென்சிலின் வம்சம். 'ப்ரசோல்' என்றால் வயிற்று அமிலத்தைக் குறைப்பது. 'ஸ்டாடின்' கொழுப்புக்கு. 'சார்டன்', 'ப்ரில்' ரெண்டும் ரத்த அழுத்தத்துக்கு. 'ஓலால்' என்று முடிகிற பலவும் இதயத் துடிப்பை நிதானப்படுத்துபவை. நாலைந்து வால் தெரிந்தால் போதும், வீட்டு மருந்து டப்பாவில் பாதி புரிந்துவிடும். அப்பாவுடைய டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். நிஜமாகவே புரிந்தது!

ஆனால் இதுவும் ஆங்கில எழுத்து படிக்கத் தெரிந்தவனுக்குத்தான். ஆயா ஐந்தாம் வகுப்பு வரை படித்தது. தமிழ்ப் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்துவிடும். அட்டையில் அதற்குத் தெரிந்தது நிறம் மட்டும்.

இந்த வேலையைத் தமிழில் யாருமே செய்து பார்க்கவில்லையா என்ற கேள்வி வந்தது அப்போதுதான்.

குறளில் ஒரு ஆள்

வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் (எண் 950) வைத்தியத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து. நான்காவதாக ஒரு ஆள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது நான் கவனிக்காத ஆள். அவர் பெயர் 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைப் பிசகாமல் கொடுப்பவர். இன்றைய நர்ஸ், மருந்தாளுநர், மருத்துவ உதவியாளர் எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். வீட்டில் ஆயாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த நானும் அதில் வருகிறேன். டாக்டர் சரியாக இருந்து, மருந்தும் சரியாக இருந்து, உழைச்செல்வான் தப்பு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமும் நானே.

மருந்துக்கான சொற்களும் நம்மிடம் ஏராளம். மாத்திரை என்ற சொல்லையே பாருங்கள். இலக்கண வகுப்பில் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று படித்தோம். அங்கே அது கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேர அளவு. மாத்திரை என்றாலே அளவு என்றுதான் பொருள். அளவு மாறினால் அது மருந்தே இல்லை என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறோம். சூரணம், லேகியம், குடிநீர், களிம்பு என்று வடிவத்துக்கு ஒரு சொல். மூன்று விரலால் எடுக்கும் அளவுக்குத் திரிகடி. மருந்தைத் தேனிலா வெந்நீரிலா எதில் கலந்து சாப்பிடுவது என்பதற்கு அனுபானம். எதைத் தவிர்ப்பது என்பதற்குப் பத்தியம்.

இவ்வளவும் கையில் இருக்கும்போது ஆங்கில மருத்துவம் இங்கே வந்தது. வந்தபோது எந்த மொழியில் வந்தது?

சென்னையில் ஒரு வழி

1835 பிப்ரவரியில் சென்னை பொது மருத்துவமனையோடு சேர்ந்து ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. நோக்கம் பெரிய டாக்டர்களை உருவாக்குவது அல்ல. ராணுவத்துக்கும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் வேண்டிய உதவியாளர்களை, அதாவது அப்போதிக்கரிகளையும் டிரஸ்ஸர்களையும் பழக்குவது. அந்தப் பள்ளிதான் 1850-ல் சென்னை மருத்துவக் கல்லூரி ஆனது. பாடம் ஆங்கிலத்தில். மேலதிகாரி வெள்ளைக்காரர், பதிவேடு ஆங்கிலம், மருந்துப் பெட்டி லண்டனிலிருந்து வருவது. வேறு எப்படி இருக்கும்?

அங்கிருந்து கிளைத்து ஊர் ஊராக வந்தவர்தான் நம் பழைய சினிமாக்களில் பார்க்கும் 'கம்பவுண்டர்'. பாட்டிலில் கலர் தண்ணீர் மாதிரி மருந்தைக் கலக்கி, எத்தனை வேளை என்று காட்டக் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பவர். ஒரு வெட்டு ஒரு வேளை. அந்தக் காகிதப் பட்டைதான் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கான மருந்துச்சீட்டு. ஆனால் கம்பவுண்டர்களுக்கு நாடு முழுக்க ஒரே சீரான படிப்பு இல்லை. 1930-ல் ஆர்.என். சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு இதை ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1940-ல் மருந்துச் சட்டமும், 1948-ல் மருந்தாளுநர் சட்டமும் வந்தன.

மானிப்பாயில் இன்னொரு வழி

அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில் வேறொன்று நடந்தது. அங்கே 1816 முதல் அமெரிக்க மிஷன் இயங்கிவந்தது. அதில் டாக்டராக வந்த ஜான் ஸ்கட்டர் பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கட்டர்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கியவர். நான் சொல்ல வந்த ஆள் அதே மிஷனில் பின்னால் வந்தவர், சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்துவிட்டு 1847-ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். வந்தபோது தமிழில் ஒரு எழுத்து தெரியாது. வந்த மறுவருடமே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவரும் மறைக்கவில்லை. ஆனால் தன் மாணவர்கள் உடையிலும் பழக்கத்திலும் வெள்ளைக்காரர் ஆகிவிடக் கூடாது, தமிழர்களாகவே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

முதலில் அவரும் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். அப்போது ஒரு சிக்கலைப் பார்த்தார். ஆங்கிலத்தில் படித்து முடித்த பையன்கள் நல்ல சம்பளத்துக்கு அரசு வேலைக்குப் போய்விடுகிறார்கள். கிராமத்தில் காய்ச்சலில் கிடப்பவனுக்கு டாக்டர் இல்லை. கிராமத்தில் தங்குகிற டாக்டர் வேண்டுமானால் கிராமத்து மொழியில் படித்த டாக்டர் வேண்டும். இடையில் அமெரிக்கா போய் 1862-ல் திரும்பி வந்தவர், 1864-ல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

மாற்றினால் போதுமா? புத்தகம்? அதையும் செய்தார்கள். அவரும் அவர் மாணவர்களும் சேர்ந்து மொழிபெயர்த்த நூல்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 1857-ல் 'பிரசவ வைத்தியம்'. 1867-ல் 'இரண வைத்தியம்', அதாவது அறுவை மருத்துவம். 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்'. இது உலகப் புகழ்பெற்ற கிரே எழுதிய உடற்கூற்று நூல். அதே வருடம் பொது மருத்துவத்துக்கு 'வைத்தியாகரம்'. 1875-ல் வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்'. 1883-ல் உடலியங்கியலுக்கு 'மனுஷ சுகரணம்'. மருந்துகளுக்கென்றே 'இந்து பதார்த்த சாரம்'. இவை தவிர, மருத்துவச் சொற்களுக்குத் தனி அகராதிகளும் அச்சிட்டார்கள். மொத்தம் பல ஆயிரம் பக்கங்கள். கணினி கிடையாது, மின்சாரம் கிடையாது.

கூட உழைத்தவர்களில் சாப்மன், டான்வர்த் என்ற பெயர்கள் வருகின்றன. வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பள்ளியில் படிக்கப் பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரை மாணவர்களுக்கு வைப்பது அப்போது வழக்கம். சாப்மனின் சொந்தப் பெயர் வைத்திலிங்கம். மருந்து மாதிரியே மனிதர்களுக்கும் ரெண்டு பெயர் :-)

மூன்று படி

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் சொல் தேடிய முறை. ஒரு ஆங்கில மருத்துவச் சொல்லுக்கு முதலில் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் வடமொழியில் தேடுவது. அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில், தமிழ் வாய்க்கு ஏற்றபடி எழுதிவிடுவது. மூன்று படி, அவ்வளவுதான்.

முதல் படிக்கு 'இரண வைத்தியம்' நல்ல உதாரணம். ரணம் என்றால் புண் என்று எங்கள் ஆயாவுக்கும் தெரியும். 'பிரசவ வைத்தியம்' என்ற தலைப்பு இன்று படித்தாலும் புரிகிறது. மூன்றாம் படிக்குக் 'கெமிஸ்தம்'. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதில் வீம்பு இல்லை. சொல் இல்லாத இடத்தில் வெளிச்சொல்லை எடுத்து, 'அம்' விகுதி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். எல்லாம் நிலைக்கவும் இல்லை. சுகாதாரத்துக்கு அவர்கள் வைத்த 'உற்பாலனம்' என்ற சொல் இன்று யாருக்கும் தெரியாது.

இதே சமயத்தில் சென்னையிலும் ஒருவர் வேறு கோணத்தில் உழைத்துக்கொண்டிருந்தார். 1868-ல் வேரிங் என்பவர் தொகுத்த இந்திய மருந்து நூல் வெளிவந்தது. கடுக்காய், வேம்பு, நிலவேம்பு என்று நம்மூர்ச் சரக்குகளும் அதில் இடம்பெற்றன. ஆனால் ஒரே சரக்குக்கு ஊருக்கு ஒரு பெயர். ஒரே பெயரில் கடைக்குக் கடை வேறு சரக்கு. திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய டாக்டர் மூதீன் ஷெரீப் இதைச் சரிசெய்ய உட்கார்ந்து, தமிழ் உட்படப் பல மொழிகளில் பெயர்களைத் தொகுத்து 1869-ல் அந்த நூலுக்கு ஒரு துணைநூல் வெளியிட்டார். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டை இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஒரு காய்க்கு எத்தனை பெயர் என்று ஒருவர் 150 வருடத்துக்கு முன்பே உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பது ஆச்சரியமாக இருந்தது. பெயர்க் குழப்பத்தால் நோயாளி சாகக் கூடாது என்பதுதானே அதற்கும் காரணம்.

பிறகு என்ன ஆயிற்று?

கிறீன் பயிற்றுவித்த டாக்டர்கள் அறுபதுக்கும் மேல். அதில் 33 பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். உடல்நலம் கெட்டு 1873-ல் அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தும் தமிழ்ப் புத்தக வேலையை விடவில்லை. 'மனுஷ சுகரணம்' அவர் போய்ப் பத்து வருடம் கழித்து வந்தது. 1884-ல் வூஸ்டரில் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று அவருடைய கல்லறைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். மானிப்பாயில் கிறீன் நினைவு மருத்துவமனை இன்றும் இருக்கிறது.

ஆனால் தமிழ் வழி மருத்துவப் படிப்பு அவரோடு முடிந்துபோனது. தமிழில் முடியாது என்று யாரும் நிரூபிக்கவில்லை. 33 டாக்டர்கள் முடியும் என்றுதான் காட்டினார்கள். பின் ஏன்?

இங்கேதான் ஒரு காமர்ஸ் மாணவனாக எனக்குக் கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது. 1870-ல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி தொடங்கியது. ஆங்கில வழி. படித்தால் அரசு வேலை. தமிழில் படித்தவருக்குக் கிராமத்தில் மரியாதை உண்டு, அரசு அலுவலகத்தில் இருக்கை இல்லை. நாங்கள் பணத்தைப் பற்றிப் படிக்கும் முதல் பாடம், எதிரில் இருப்பவர் வாங்கிக்கொள்ளும் வரைதான் அது பணம் என்பது. சொல்லும் அப்படித்தான். 'சுகரணம்' என்ற சொல்லைத் தேர்விலும் வேலையிலும் சம்பளத்திலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதபோது அது செல்லாக்காசு ஆகிவிட்டது. கிறீன் எந்தக் காரணத்தால் தமிழுக்கு மாறினாரோ, அதே காரணம்தான் அவர் வேலையை முடித்தும் வைத்தது.

அதற்குப் பிறகும் முயற்சிகள் நிற்கவில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கும் சேலத்தில், வக்கீலாக இருந்த ராஜாஜி 1916-ல் நண்பர்களோடு அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கமே தொடங்கினார். பிற்காலத்தில் மணவை முஸ்தபா மருத்துவக் கலைச்சொற்களுக்குத் தனி அகராதி கொண்டுவந்தார். ஆக, சொல்லுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சொல் மாத்திரை அட்டைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்று

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கியது. அது அரசு மருத்துவமனைகளுக்குப் பொதுப்பெயரில் மருந்து வாங்குகிறது. 2008-ல் மத்திய அரசின் மக்கள் மருந்தகம் திட்டம் வந்தது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இவை எல்லாமே பொதுப்பெயரை நம்பி நடப்பவை. பொதுப்பெயரில், தெளிவான எழுத்தில் சீட்டு எழுத வேண்டும் என்று 2016-ல் இந்திய மருத்துவ கவுன்சில் விதியைத் திருத்தியது. அட்டையில் பொதுப்பெயர் வணிகப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018-ல் மத்திய அரசு விதி போட்டது. எங்கள் கள்ளக்குறிச்சி 2019-ல் மாவட்டமாகி, 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

ஆனால் எழுத்து பெரிதானாலும் ஆயாவுக்கு அது ஆங்கிலம்தான்.

மருந்துப் பெயர்களை எல்லாம் தூய தமிழில் மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது ஆபத்து. உலகம் முழுக்க ஒரே பெயர் என்ற பாதுகாப்பு போய்விடும். கிறீனின் மூன்றாம் படி போதும். 'மெட்பார்மின்' என்று தமிழ் எழுத்தில் அட்டையில் இருந்தால் போதும். அதன் அர்த்தம் ஆயாவுக்குப் புரிய வேண்டியதில்லை. ரெண்டு அட்டையிலும் ஒரே எழுத்து இருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் பார்த்திருக்கும். "ஏன் சாமி, ரெண்டுலயும் ஒரே பேருதானே போட்டிருக்கு?" என்று என்னைக் கேட்டிருக்கும். அந்தக் காலை நேரம் எங்கள் வீட்டில் நடந்திருக்காது.

அது வரும் வரைக்கும் நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. எந்த டாக்டரிடம் போனாலும் பழைய சீட்டையும் பழைய அட்டையையும் எடுத்துப் போங்கள். கடையில் வாங்கும்போது "இதோட பொதுப்பெயர் என்ன, ஏற்கெனவே சாப்பிடறதுல இது இருக்கா?" என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மருந்தாளுநரையோ டாக்டரையோ கேட்காமல் கொடுக்காதீர்கள். வீட்டில் உழைச்செல்வான் வேலையைப் பார்ப்பவர்கள் என்னைப் போன்ற பையன்களும் பெண்களும்தான். அதனால் இது நம் பாடமும்கூட.

போன ஞாயிற்றுக்கிழமை ஆயாவின் மாத்திரைகளுக்கு ஒரு அட்டை தயார் செய்தேன். டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்து, ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில் பெயர், எதற்கு, எப்போது என்று மூன்று பத்தி போட்டு எழுதினேன். 'உணவுக்கு முன்' என்று எழுதியிருந்ததை ஆயா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது யாரு பேசற பேச்சு? சோத்துக்கு முன்னன்னு எழுது" என்றது.

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். முதல் படியை நான் தாண்டிப் போயிருந்தேன். கிறீன் இருந்திருந்தால் ஆயா பக்கம்தான் பேசியிருப்பார் :-)

உங்கள் வீட்டில் மருந்து, நோய் சம்பந்தமாகப் பெரியவர்கள் சொல்லும் சொற்கள் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். ஆயாவிடம் கேட்டு நானும் ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.